சிவப்பு வற்றிய படம்

எண் ஒன்று கனமாக இருந்தது, எண் இரண்டு கைக்கு வாகாக இருந்தது. படிவத்தின் முதல் வரியே எடைதான் என்பதால் அதில் யோசிக்க ஒன்றுமில்லை. லென்ஸ் நீங்கலாக ஒன்று தொள்ளாயிரத்துப் பதினைந்து கிராம், மற்றது எழுநூற்று அறுபது என்று எழுதிவிட்டு தனுஷ்கோடி பேனாவை மூடினார். மூடியதும் திரும்பத் திறந்தார். பதினான்கு வரி கிடக்கிறது, முதல் வரிக்கே பேனாவை மூடிவிட்டால் எப்படி. ஸ்டோர்காரர்கள் இரண்டு கேமராவிலும் கம்பெனிப் பெயரை வெள்ளை ஸ்டிக்கரால் மறைத்து, அதன்மேல் ஒன்று, இரண்டு என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்கள். பெயரைப் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். முப்பத்தொரு வருஷமாக அரசு மருத்துவக் கல்லூரியில் போட்டோகிராபர் உத்தியோகம் பார்க்கிறவருக்குக் கேமராவைக் கையில் வாங்கியதுமே அது எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாதா. தெரிந்தது. எண் இரண்டைத் தொட்டபோதே தெரிந்தது, விரல் தானாகப் போய்ச் சக்கரத்தின் மேல் நின்றது, அவர் வீட்டு பீரோவில் இருக்கிற கேமராவின் பெரிய அண்ணன் அது. இரண்டு மணிக்கு ஸ்டோரிலிருந்து ஆள் வந்து இரண்டையும் எடுத்துப் போய்விடுவான். மூன்று மணிக்குக் கொள்முதல் குழு. அதற்குள் இந்த ஒப்பீட்டுப் படிவத்தை நிரப்பி, எதை வாங்கலாம் என்று சிபாரிசு செய்து, கையெழுத்துப் போட வேண்டும். இப்போது பதினொன்று இருபது. டீ குடிக்கப் போயிருக்கலாம், போகவில்லை. கதவைத் திறந்தால் எதிரே பெஞ்சில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருப்பாள். காலை ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். கதவு அசைந்தாலே பாதி எழுந்துவிடுகிறாள். அவள் மகளின் போட்டோவுக்காக அவள் வருவது இது மூன்றாவது தடவை, இரண்டு தடவையும் ரெடியாகவில்லை என்று சொல்லி அனுப்பியாயிற்று, மூன்றாவது தடவை என்ன சொல்வது என்று யோசிப்பதற்குப் பதிலாக அவர் கதவைத் திறக்காமல் இருக்கிறார்.

இரண்டாவது வரி மெகாபிக்சல். மூன்றாவது வரி மங்கிய வெளிச்சத்தில் படம் எப்படி. நான்கு, ஃபோகஸ் வேகம். ஃபோகஸ் வேகம் இங்கே எதற்கு, நோயாளி என்ன ஓட்டப்பந்தயமா ஓடப் போகிறான். ஆனால் படிவம் கேட்கிறது, எழுதினார். ஆஸ்பத்திரியில் போட்டோகிராபர் என்றால் வெளியே இருக்கிறவர்கள் மந்திரி வந்தால் படம் எடுக்கிற ஆள் என்று நினைக்கிறார்கள். அவருக்கு வேலை புண்ணோடு. அறுக்குமுன் ஒன்று, அறுத்தபின் ஒன்று, தையல் பிரித்தபின் ஒன்று. மூன்றுக்கும் ஒரே தூரம், ஒரே வெளிச்சம், பின்னால் ஒரே சாம்பல் துணி. தூரம் மாறாமல் இருக்க, கேமராவை நிறுத்துகிற முக்காலியின் காலில் ஒரு நூல் கட்டி வைத்திருக்கிறார். நூலின் நுனி நோயாளியின் மூக்கைத் தொட வேண்டும், தொட்டதும் நூலை விட்டுவிட்டு அமுக்க வேண்டும். இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்த ஆள் யாருமில்லை, அவராகப் பண்ணியது. ஆயிரக்கணக்கான முகங்களை எடுத்திருக்கிறார், ஒரு முகமும் நினைவில்லை, முகத்திலிருந்த கட்டி எல்லாம் நினைவிருக்கிறது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் முதலில் தாடையைத்தான் பார்ப்பார், பார்த்ததும், ஓ, இடது பக்கம், ஏழு தையல் என்று ஆள் புரிந்துவிடும். கல்யாணப் படம் எடுக்கப் போனால்கூடப் பெண்ணின் கழுத்தில் நகையைப் பார்க்காமல் தைராய்டு வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிற மனுஷன் என்று அவர் மனைவி பவளக்கொடி சொல்லிச் சிரிப்பாள். கழுத்து. வேறு உதாரணம் கிடைக்கவில்லையா இந்த மனசுக்கு. ஐந்து, ஆறு, ஏழு. பேட்டரி எத்தனை படம் தாங்கும். கார்டு போட எத்தனை இடம். ஒன்றில் இரண்டு இடம், இரண்டில் ஒரே இடம். எட்டு, ஒன்பது, பத்து என்று மளமளவென்று வந்தவர் பதினொன்றைப் பார்த்ததும் அதைத் தாண்டிப் பன்னிரண்டுக்குப் போய்விட்டார். பதினொன்றாவது வரியில் நிறத்தின் உண்மைத்தன்மை என்று இருந்தது.

தாண்டிப் போனால் விட்டுவிடுமா. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு எல்லாம் முடிந்து, நடுவில் ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக, பல் விழுந்த இடம் போல இளித்துக்கொண்டு இருந்தது. பல் என்று நினைத்ததும் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். சரி, வேலையைப் பார்ப்போம் என்று எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு துண்டு ரப்பர் ஷீட்டை எடுத்து மேஜையில் விரித்தார். ஆஸ்பத்திரிக் கட்டில்களில் விரிக்கிற அதே சிவப்பு ரப்பர் ஷீட். அதன்மேல் தன் இடது மணிக்கட்டை வைத்துக்கொண்டு வலது கையால் எண் ஒன்றைப் பிடித்து அமுக்கினார். பிறகு எண் இரண்டு. கடையிலிருந்து வந்தபடியே, எந்த அமைப்பையும் மாற்றாமல். இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண் ஒன்றில் மணிக்கட்டு அவர் மணிக்கட்டாகவே இருந்தது, ஐம்பத்தாறு வயசுத் தோல், கடிகாரவார் பட்ட இடத்தில் சிவந்த தடிப்பு, ஷீட் ரத்தம் காய்ந்த சிவப்பு. எண் இரண்டில் மணிக்கட்டு யாரோ ஒரு நல்ல ஆளுடையதாக இருந்தது. தடிப்பைக் காணவில்லை. ஷீட் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. அந்த ரோஜாப்பூ நிறத்தை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். நாற்பத்து மூன்று நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், கண்ணை மூடினால் அதுதான், பவளக்கொடி ரோஜா நிறத்தில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததைக்கூட வேண்டாம் என்று சண்டை போட்டார், ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. ரோஜா நிறத்தில் உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலாவது ரப்பர் ஷீட் உண்டா. அன்றைக்கே அதைப் பார்த்திருந்தால் போதும். முகத்தைப் பார்க்க வேண்டாம், கழுத்தைப் பார்க்க வேண்டாம், தோளுக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்குத் தெரிந்த அந்த ஷீட்டைப் பார்த்திருந்தால் போதும்.

தங்கமாரி என்று பெயர். இருபத்து மூன்று வயசு. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. கடைவாய்ப்பல் வலி என்று பத்து நாள் மாத்திரை போட்டுச் சமாளித்திருக்கிறாள், பிறகு தாடைக்கு அடியில் வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கி, வாய் திறக்க முடியாமல் ஒரு வியாழக்கிழமை இங்கே வந்து சேர்ந்தாள். இந்த மாதிரி வந்தால் டாக்டர்கள் ஒரு காரியம் செய்வார்கள். சிவப்பு எதுவரை இருக்கிறதோ அதன் ஓரத்தில் பேனாவால் தோலிலேயே கோடு போட்டுவிடுவார்கள். காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம். சிவப்பு கோட்டுக்குள் சுருங்கினால் மருந்து கேட்கிறது. கோட்டைத் தாண்டினால் கேட்கவில்லை, உடனே கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். அவளுக்கும் கோடு போட்டார்கள், காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தொண்டைக்குழிக்கு மேலே வளைந்து போகிற ஒரு கோடு. வெள்ளி எடுத்தார், சனி எடுத்தார். சனி மாலைப் படத்தில் சிவப்பு கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்தப் படத்தோடு ஆஸ்பத்திரிக் கேமராவின் ஷட்டர் சிக்கிக்கொண்டது. பழைய கேமரா, ஒரு வருஷமாகவே இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாகத்தான் இன்றைக்கு இந்த ஒன்றும் இரண்டும் மேஜையில் உட்கார்ந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. காலையில் ஒரு முகூர்த்தம் எடுத்துவிட்டு, சாப்பிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில், அடடா அந்தப் பிள்ளைக்கு மாலைப் படம் எடுக்க ஆள் இல்லையே என்று தோன்றியது. யாரும் கூப்பிடவில்லை. இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை, யாரும் கூப்பிடவே இல்லை, பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் டாக்டர்கள் தங்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். நல்ல மனசோடு, தோளில் தன் சொந்தக் கேமராவோடு, மாடிப்படி ஏறிப் பெண்கள் வார்டுக்குப் போனார்.

கல்யாணப் பெண்ணுக்கு மண்டபத்து விளக்கில் முகம் சிவந்து எண்ணெய் வடிகிற மாதிரி விழும். ஆல்பம் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான், ஏன் சார் எங்க பொண்ணு இப்படிக் கறுத்துச் செவந்து இருக்கா என்பார்கள். அதனால் அவர் தன் கேமராவில் ஒரு அமைப்பைப் பண்ணிச் சேமித்து வைத்திருந்தார். சிவப்பைக் குறை, தோலை மெத்தென்று காட்டு, மேடுபள்ளத்தை அமுக்கு. சக்கரத்தை ஒரு நிலைக்குத் திருப்பினால் போதும், பெண் மகாலட்சுமி ஆகிவிடுவாள். முகூர்த்தம் முடிந்ததும் சக்கரத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். திருப்பினாரா, திருப்பிப் பையில் போட்டபின் பையில் உரசித் தானாகத் திரும்பிக்கொண்டதா என்று இன்றுவரை தெரியாது. எத்தனையோ தடவை கேமராவைப் பையில் போட்ட மண்டபத்துச் சமையல்கூட வாசலையும், பையையும், தன் கட்டைவிரலையும் நினைவில் கொண்டுவந்து பார்த்துவிட்டார், கட்டைவிரல் என்ன செய்தது என்பது மட்டும் வருவதில்லை. இன்னொன்று. கேமரா கண்டதைக் கண்டபடி பெரிய கோப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம், சொல்லியிருந்தால் பிறகு எந்த அமைப்பையும் கழற்றி உள்ளதை உள்ளபடி பார்க்கலாம். கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம், கார்டு நிறைந்துவிடும் என்று அதையும் அணைத்து வைத்திருந்தார். ஆகையால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குத் தங்கமாரியின் கழுத்து உண்மையில் எப்படி இருந்தது என்பது உலகத்தில் எங்கேயும் இல்லை. எடுத்த படம் மட்டும் இருக்கிறது. கோடு பளிச்சென்று இருக்கிறது, கோட்டுக்குக் கீழே சந்தனம் தடவிய மாதிரி சுத்தமான தோல் இருக்கிறது. எடுத்ததும் கேமராவின் திரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பேச்சியம்மாளிடம் காட்டினார். அதுவும் யாரும் கேட்காமல். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “செவப்பு வத்திருச்சுல்ல சார்?” என்றாள். அவர் சிரித்த முகமாக, “வத்திருச்சும்மா” என்றார்.

அவள் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றரை மணி நேரம். அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், அரிசி அறைச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. வெள்ளிக்கிழமை எப்படியோ சமாளித்துவிட்டார்கள், திங்கள்கிழமை சாவி போய்ச் சேராவிட்டால் எண்பது பிள்ளைகளுக்குச் சோறு இல்லை, தலைமையாசிரியை இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். நாலு நாளாக மகளை விட்டுப் போக மனமில்லாமல் இருந்தவள், வத்திருச்சு என்ற ஒரு வார்த்தையில் தைரியம் வந்து, பக்கத்துக் கட்டில்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஐந்தரை பஸ்ஸில் போனாள். சாவியைக் கொடுத்துவிட்டுக் குளித்து மாற்றுச் சேலையோடு மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது மணி எட்டு. பிள்ளை போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. சிவப்பு நெஞ்சு வரை இறங்கி, மூச்சுக்குழாய் வீங்கி அடைத்துவிட்டது என்று நர்ஸ் எழுதியிருந்தாள். ஞாயிறு மாலை வார்டில் இருந்தது படிக்கிற டாக்டர் பிள்ளை ஒருத்தி, வந்து இரண்டு மாசம். அவளுக்குக் கோட்டைத் தாண்டின மாதிரியும் இருக்கிறது, தாண்டாத மாதிரியும் இருக்கிறது, அந்தக் கறுத்த தோலில், அந்த ட்யூப்லைட்டில். அவள் பிரிவுத் தலைவர் டாக்டர் நெல்லையப்பனுக்குப் போன் பண்ணினாள், அவர் வெளியூரில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இருந்தார். தனுஷ்கோடி அனுப்பிய படம் அவர் போனில் இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு, தாண்டவில்லையே, மருந்து தொடரட்டும், காலையில் வந்து பார்க்கிறேன் என்றார். அவள் தயங்கியிருக்கிறாள். “போட்டோ பொய் சொல்லாதும்மா” என்று சொன்னாராம். இதை அந்த டாக்டர் பிள்ளையே பிறகு ஒரு நாள் நடையில் அழுதுகொண்டு தனுஷ்கோடியிடம் சொன்னாள், அவர் படத்தை மெச்சுகிற மாதிரி, உங்க படம் அவ்வளவு தெளிவா இருந்துச்சு சார், எனக்குத்தான் கண்ணு சரியில்ல என்றாள். அவளுக்காவது சொல்லியிருக்கலாம். நடையிலே நின்றுகொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, ஆறுதல் சொன்னார்.

படத்தின் கோளாறு தனுஷ்கோடிக்கே புதன்கிழமைதான் தெரிந்தது. வீட்டில் உட்கார்ந்து கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக்கொண்டிருந்தார், தாம்பூலப்பை கொடுக்கிற படத்துக்கு அடுத்து தங்கமாரி வந்தாள். வந்தவள் கல்யாண வீட்டு ஆள் மாதிரியே இருந்தாள். அப்புறம்தான் ஷீட்டைப் பார்த்தார். கீறியிருந்தால் பிழைத்திருப்பாளா. பிழைத்திருக்கலாம். கீறியும் போனவர்களை அவரே படம் எடுத்திருக்கிறார். பிழைத்திருக்க மாட்டாள் என்று யாராவது ஒரு டாக்டர் உறுதியாகச் சொன்னால் போதும் என்று, பொதுவாகக் கேட்கிற மாதிரி இரண்டு மூன்று பேரிடம் கேட்டார், எல்லோரும் சொல்லி வைத்தாற்போல், அது எப்படியும் போகும் தனுஷ்கோடி என்றார்கள். எப்படியும் என்றால் எப்படி. ஒரு நாள் அது ஆறுதலாக இருக்கும், மறுநாள் அதே வார்த்தை குத்தும். இரண்டு வருஷத்தில் ரிட்டயர்டு. சொன்னால் விசாரணை, பேப்பரில் வரும், பென்ஷனைப் பிடித்து வைப்பார்கள், நெல்லையப்பன் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியாது, கேமரா சொல்லாது, படம் அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதுதான் தொல்லை. தங்கமாரியின் போனுக்கு அவள் விரலால் இழுக்கிற ஒரு பூட்டு வைத்திருந்தாள், அது யாருக்கும் தெரியாது, கடையில் கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்கிறார்கள், அவள் எடுத்துக்கொண்ட படம் அத்தனையும் அதற்குள் கிடக்கிறது. வெளியே இருப்பது ஆதார் அட்டைப் படம். அதைப் பெரிசாக்கினால் பார்க்க முடியவில்லை என்று பேச்சியம்மாள் ஸ்டுடியோவில் கேட்டுவிட்டு, பதினாறாம் நாள் கழித்து இங்கே வந்தாள். அன்னிக்கு ஒரு படம் காட்டினீகளே சார், அதுல நல்லா இருந்தா, அதைத் தாங்க, மூக்குக் குழாயை மட்டும் எடுத்துட்டுப் பெரிசாப் போட்டுத் தாங்க என்றாள். போட்டுவிட்டார். பத்து நாள் முன்னாலேயே போட்டுவிட்டார். மூக்குக் குழாயை எடுத்து, பேனாக் கோட்டை அழித்து, ரவிக்கைக் கழுத்து வரைந்து, சுவரில் மாட்டுகிற அளவில் பிரிண்ட் போட்டு, இதோ இந்த இழுப்பறையில் இருக்கிறது. கதவைத் திறந்து நீட்டிவிட்டால் முடிந்தது. நீட்டக் கை வரவில்லை. அந்தப் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி, ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்யின் முன்னால் அவள் கும்பிடுவாள் என்பதை நினைத்ததும் இழுப்பறையை மூடிவிடுகிறார்.

ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. கதவுக்குக் கீழே இடைவெளியில் அவள் செருப்பு தெரிந்தது, ஜவுளிக்கடைப் பை ஒன்று பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். சாப்பிட்டாளோ என்னவோ. நெல்லையப்பனுக்கு எண் இரண்டில் கண். நேற்றுக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், கான்பரன்ஸில் திரையில் போட்டால் நம்ம படம் பார்க்கிற மாதிரி இருக்கணும் தனுஷ்கோடி, பழைய படமெல்லாம் கசாப்புக்கடை மாதிரி இருக்கு என்று. எண் இரண்டின் மேல் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. அமைப்பை மாற்றினால் அதுவும் உள்ளதைக் காட்டும், எண் ஒன்றையும் பொய் சொல்லப் பழக்கலாம். படிவத்தில் கேட்ட பதினான்கிலும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எண் இரண்டை எடுத்துச் சக்கரத்தைத் திருப்பினார். வெண்ணெயாகத் திரும்பியது. எண் ஒன்றை எடுத்துத் திருப்பினார். திரும்பவில்லை. சக்கரத்தின் நடுவே ஒரு சின்னப் பொத்தான் இருந்தது, அதை அமுக்கிக்கொண்டே திருப்பினால்தான் நகரும், விட்டால் நின்றுவிடும், பைக்குள் எத்தனை தடவை உரசினாலும் அசையாது. மறுபடி திருப்பிப் பார்த்தார், மறுபடியும். ஒரு பொத்தான். மிளகு அளவுகூட இருக்காது. அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் நிறைந்து சக்கரத்தின் எழுத்தெல்லாம் கலங்கியது. துடைத்துக்கொண்டு படிவத்தை இழுத்தார். பதினொன்றை நிரப்பினார். பதினான்குக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, பதினைந்து என்று போட்டு எழுதினார்: சக்கரப் பூட்டு. எண் ஒன்றில் உண்டு, எண் இரண்டில் இல்லை. பூட்டு இல்லாவிட்டால் தோலை அழகாகக் காட்டும் அமைப்பு தெரியாமல் நின்றுவிடக்கூடும். அவ்வாறு நின்ற என் சொந்தக் கேமராவால் பெண்கள் அறுவைப் பிரிவில் தங்கமாரி என்ற நோயாளியின் ஞாயிறு மாலைப் படத்தை எடுத்தேன். சிவப்பு பரவியிருந்தாலும் அதில் தெரிந்திருக்காது. அந்தப் படத்தைப் பார்த்தே அறுவை தள்ளிவைக்கப்பட்டது. எண் ஒன்றைச் சிபாரிசு செய்கிறேன். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். குழுவுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

பேச்சியம்மாள் உள்ளே வந்து, நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றாள். அவர் இழுப்பறையைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினாள், நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள், பிறகுதான் உட்கார்ந்தாள். அன்னிக்கு இப்படித்தான் சார் தெளிஞ்சு கெடந்தா என்றாள். அவர் சொன்னார். “ஏம்மா, அன்னிக்கு செவப்பு வத்தல. என் கேமராதான் வத்தவச்சுக் காட்டுச்சு. கல்யாணப் பொண்ணுக்கு வச்சதை மாத்தாமக் கொண்டுவந்துட்டேன்.” அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் ரப்பர் ஷீட்டைக் காட்டினார், எண் ஒன்றின் திரையைக் காட்டினார், எண் இரண்டின் திரையைக் காட்டினார். பெரிய டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் காலையில் பார்க்கலாம் என்றார் என்பதையும், தப்பு முழுக்கத் தன்னுடையது என்பதையும், எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டதையும் சொன்னார். அவள் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். விரலை நீட்டி மேஜை மேல் இருந்த ஷீட்டைத் தொட்டாள். அவர் காத்திருந்தார். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், வராந்தாவில் போய்க் கூட்டம் கூட்டுவாள், எதுவானாலும் சரி என்று இருந்தது, நாற்பத்து மூன்று நாளில் முதல்முறையாக மூச்சு முழுசாக உள்ளே போனது.

அவள் ஷீட்டிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு, அவரிடம் இல்லை, மேஜையிடம் சொல்கிற மாதிரி, “சாவியை பஸ் டிரைவர்ட்ட குடுத்துவிட்டிருந்தாலும் போய்ச் சேந்திருக்கும். நான் போயிருக்க வேண்டாம்” என்றாள். இவ்வளவு நாளும் தனக்கு என்ன ஆகும் என்று யோசித்தவருக்கு இது தோன்றவே இல்லை. தன்மேல் இருந்த பாரத்தை இறக்கிவைத்த இடம் எது என்று இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. பதறிப்போய், நான்தானேம்மா வத்திருச்சுன்னு சொன்னேன், நீ என்ன பண்ணுவே, நான் சொன்னதை நம்பித்தானே போனே என்றார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“நீங்க படத்தைப் பாத்துச் சொன்னீக. நானும் படத்தையில்ல பாத்தேன். பிள்ள பக்கத்துலதான் கெடந்தா சார். திரும்பி ஒரு தடவ அவ மொகத்தைப் பாக்கல.”

அவர் படத்தைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.